வாஸ்கோ ட காமா சாமூதிரியிடம் எந்த மொழியில் பேசினார்?

நெய்தல்நிலா, தூத்துக்குடி (கேள்வி)

வணக்கம். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஐரோப்பியர் வருகை பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், வாஸ்கோ ட காமா போர்ச்சுகல்காரர். சாமூதிரி மலையாளம் பேசுறவர். ரெண்டு பேரும் எந்த பாஷையில பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டான். அவன் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. நடுக்கடலில் சிங்களப் படகுக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அதனால்தான் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியிருக்கும்.

பாடப்புத்தகத்தில் "1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்தார், மன்னர் சாமூதிரி வரவேற்றார்" என்பதோடு சரி. "சைகையில் பேசியிருப்பார்கள்" என்று சொல்லி அவனை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும் என்பதைச் சைகையில் கேட்டுவிடலாம். மிளகு ஒரு பாரம் என்ன விலை, சுங்கம் எவ்வளவு, பணம் எப்போது என்பதையெல்லாம் எப்படிக் கேட்பது? ஓர் அரசர் இன்னோர் அரசருக்கு எழுதிய கடிதத்தை யார் படித்துச் சொன்னது?

காமாவோடு நிறுத்த வேண்டாம். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாத நிலையில் அந்தக் காலத்து வணிகம் எப்படி நடந்தது என்று பேரும் ஊருமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன்.

புதுவை வாசுகி

டீச்சர், அந்தப் பையனுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். அவனுக்கு நேரான பதில்: அரபு.

நான் புதுச்சேரிக்காரி. இங்குள்ள சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பென்ஷன் காகிதம் என்று பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்த்துக் கொடுப்பதே என் பிழைப்பு. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குப் பக்கத்தில் நின்றும் பேசியிருக்கிறேன். அதனால் வரலாற்றில் எங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டதாகப் படித்தாலும், நடுவில் நின்றவர் யார் என்றுதான் என் கண் தேடும்.

1498 மே மாதம் கள்ளிக்கோட்டைப் பக்கம் நங்கூரம் போட்டதும் காமா தானே இறங்கிவிடவில்லை. தண்டனை பெற்ற கைதிகள் சிலரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எந்த ஆபத்து இருக்கும் என்று தெரியாத கரையில் முதலில் இறக்கிப் பார்ப்பதற்கு அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவது போர்ச்சுகீசியர் வழக்கம். அவர்களில் ஒருவனை அனுப்பினார். கரையில் இருந்தவர்கள் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கவில்லை. துனிஸ் நகரத்திலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த இரண்டு முஸ்லிம்களிடம் நேராகக் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களுக்கு ஸ்பெயினின் காஸ்டிலிய மொழியும் இத்தாலியின் ஜெனோவா பேச்சும் தெரியும். "சைத்தான் உன்னைக் கொண்டுபோக, இங்கே எப்படி வந்து சேர்ந்தாய்?" என்று அவன் அண்டைநாட்டு மொழியிலேயே கேட்டார்கள். "கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருள்களையும் தேடி வந்தோம்" என்றான். காமாவோடு கப்பலில் வந்த ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பில் இது இருக்கிறது.

பத்து மாதத்துக்கு மேல் கடலில் அலைந்து, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தவன், புரிகிற பேச்சைக் கேட்டது கள்ளிக்கோட்டைக் கரையில். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கரையில் நின்ற சாதாரண ஆட்களின் சாமர்த்தியம். முன்பின் பார்த்திராத ஓர் ஆள் வந்து இறங்கினால் அவனை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்தில் வாழ்ந்து வாழ்ந்து வரும் அறிவு அது.

இனி சாமூதிரியின் அவை. காமாவோடு போனவர்களில் ஃபெர்னாவ் மார்ட்டின்ஸ் என்பவருக்கு அரபு தெரியும். காமா சொல்வதை அவர் அரபில் சொல்ல, அரபு தெரிந்த உள்ளூர் ஆட்கள் மன்னருக்குப் புரிய வைக்க வேண்டும். இதில்தான் சிக்கல். அந்தக் கரையில் அரபு தெரிந்தவர்கள் யார்? மிளகு வணிகத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் வணிகர்கள். போர்ச்சுகீசியர் வந்தால் அவர்கள் பிழைப்புக்குத்தான் ஆபத்து. போட்டிக்கு வந்தவன் பேச்சைப் போட்டியாளர் வாய் வழியாகத்தான் மன்னர் கேட்டாக வேண்டும்.

காமாவும் இதை உணர்ந்திருந்தார். போர்ச்சுகல் மன்னரின் கடிதம் இரண்டு மொழியில் வந்திருந்தது, ஒன்று போர்ச்சுகீசியம், மற்றது அரபு. "எங்கள் மொழிக் கடிதத்தை என்னால் படிக்க முடியும், அதில் உள்ளது நல்லதுதான் என்று எனக்குத் தெரியும். மற்றதைப் படிக்க எனக்குத் தெரியாது. அதில் பிழை இருந்தாலும் இருக்கலாம். அரபு தெரிந்த கிறிஸ்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்" என்று மன்னரிடம் கேட்டார். ஓர் இளைஞனை அழைத்து வந்தார்கள். வந்த பிறகு பார்த்தால் அவனுக்கு அரபு பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. கடைசியில் யாரை நம்பக் கூடாது என்று காமா நினைத்தாரோ அவர்களில் நான்கு பேர்தான் கடிதத்தை வாங்கித் தங்களுக்குள் படித்துப் பார்த்து மன்னருக்குச் சொன்னார்கள். மன்னர் திருப்தி அடைந்தார் என்று அதே நாட்குறிப்பு சொல்கிறது. நான்கு பேர் சேர்ந்து படித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் திரித்துச் சொன்னால் மற்ற மூவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த அரபு வழி எதுவரைக்கும் உதவியது என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. மன்னரைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு கோயிலுக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். அதைத் தேவாலயம் என்றே நினைத்து வணங்கினார்கள். சுவர்களில் இருந்த ஓவியங்களைப் புனிதர்கள் என்று எழுதிவிட்டு, அவர்களுக்குப் பல் வெளியே நீண்டிருந்தது, நான்கு ஐந்து கைகள் இருந்தன என்றும் எழுதிவைத்திருக்கிறார் அந்த மனிதர். விலை, எடை, சுங்கம் இவை மூன்று வாய் மாறியும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தன. கும்பிடுகிற சாமி யார் என்பது போய்ச் சேரவில்லை.

போகும்போது சாமூதிரி கொடுத்தனுப்பிய பதில் பனையோலையில் இரும்பு எழுத்தாணியால் எழுதியது. என் நாட்டில் இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, ரத்தினக் கற்கள் உண்டு. உங்களிடம் நான் கேட்பது பொன், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி என்பதே சாரம். எத்தனை வாய் மாறினாலும் கெடாத மாதிரி எழுதப்பட்ட கடிதம் என்று எனக்குத் தோன்றும். அலங்காரமே இல்லை, முழுக்கச் சரக்குப் பட்டியல். புதுச்சேரிக் கதையும் ஒன்று இருக்கிறது, பிறகு வந்து எழுதுகிறேன்.

சந்தைவழி, பொள்ளாச்சி

டீச்சர், சைகைன்னு சொல்லி அவ்வளவு லேசா ஒதுக்கிடாதீங்க. எங்க அப்பா மாட்டுத் தரகர். பொள்ளாச்சி சந்தைக்குக் கேரளா வியாபாரி வருவாங்க, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தும் மாடு வரும். அப்பாவுக்குத் தமிழைத் தவிர வேற பேச்சு சரளமா வராது. ஆனா விலை படியாம ஒரு நாளும் நின்னதில்லை.

எப்படின்னா, தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து எதிராளி கைமேல போடுவாரு. ரெண்டு பேர் கையும் துண்டுக்குள்ளே. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டு பிடிச்சா ரெண்டு. பாதி விரல் பிடிச்சா அரை. அது நூறா ஆயிரமாங்கறது மாட்டைப் பார்த்த ரெண்டு பேருக்குமே தெரியும், அதைச் சொல்லவே வேண்டியதில்லை. முகம் மட்டும் அசையக் கூடாது. சின்னப் பையனா பக்கத்துல நின்னு துண்டையே பார்ப்பேன். உள்ளே விரல் நகர்றது துணி மேல லேசா தெரியும், ஆனா எத்தனைன்னு பிடிபடாது. எதிராளிக்குப் பிடிக்கலைன்னா கையை உதறிட்டு நாலடி போவான். அப்பா விடமாட்டாரு, மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து மறுபடி துண்டைப் போடுவாரு. படிஞ்சதும் அட்வான்ஸ் கை மாறிடும்.

இது எங்க ஊர்ப் பழக்கம் மட்டும்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். 17ஆம் நூற்றாண்டுல வைரம் வாங்க வந்த தவெர்னியேங்கற பிரெஞ்சு வியாபாரி, தக்காணத்து வைரச் சுரங்கத்துல இதையேதான் பார்த்து எழுதி வெச்சிருக்காருங்க. விக்கிறவரும் வாங்கறவரும் எதிரெதிரா சம்மணம் போட்டு உக்காந்து, இடுப்புத் துணியில ஒரு முனையைப் பிரிச்சுக் கையை மூடிக்குவாங்களாம். முழுக் கையையும் பிடிச்சா 1,000. அஞ்சு விரலை மட்டும் பிடிச்சா 500. ஒரு விரல் 100. நடு மூட்டு வரைக்கும் பாதி விரல் 50. நுனி மட்டும்னா 10. ஒரு கூடம் நிறைய ஆள் உக்காந்திருக்கும்போதே ஒரே பொருள் பல கை மாறிடும், பக்கத்துல இருக்கறவனுக்கு என்ன விலைன்னு தெரியாதுன்னு சொல்றாரு.

இது முதல்ல ரகசியத்துக்காக வந்த முறை, மொழி தெரியாதவங்களுக்காக வந்ததில்லை. ஆனா வாயைத் திறக்காம விலை பேச ஒரு வழி இருந்தா, எந்த ஊர்க்காரனும் உள்ளே வந்து உக்காரலாம் பாருங்க. தெலுங்கோ பாரசீகமோ பிரெஞ்சோ, விரலுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

கொழும்பிலிருந்து ரஞ்சன்

ரீச்சர், தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில இருந்து எழுதுறன். கொழும்பு தேசிய நூதனசாலையில ஒரு கல் இருக்கு, உங்கட பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நாட்டின கல். ஒரே கல்லில மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். ஆண்டு 1409. சீனாவிலேயே வெட்டிக் கப்பலில கொண்டுவந்ததெண்டுதான் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லுவினம். 1911இல காலி நகரத்தில ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த நிலையில கண்டெடுத்தவை.

பிறமொழிக்காரரோட பேச வேணுமெண்டால் ஒரே செய்தியை மூன்று மொழியில எழுதுறதுதானே வழமை. இந்தக் கல் அப்படியில்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்லுது. தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில இருந்த தென்னாவரை நாயனார் எண்ட சாமிக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. காணிக்கைக் கணக்கு மட்டும் சீனத்திலயும் தமிழிலயும் ஒத்துப்போகுது: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனை எண்ணெய் எண்டு போகுது. பாரசீகப் பகுதி நல்லாச் சிதைஞ்சு போச்சு. யாருக்கு எதைச் சொன்னால் மனம் இளகும் எண்டு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில இருந்துதான் இதை எழுதிக் குடுத்திருக்க வேணும். கோயிலைத் தேவாலயமெண்டு நினைச்ச காமாவின்ர ஆக்களோட ஒப்பிட்டுப் பாருங்கோ. அதுக்கு 89 வருசத்துக்கு முந்தியே இது நடந்திட்டுது.

சீனாவில தமிழ் எழுத ஆள் கிடைச்சது அதிசயமில்லை. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கு, சிவன் கோயில் எழுப்பின செய்தி. 1407இல சீனாவை ஆண்ட மிங் அரசு மொழிபெயர்ப்புக்கெண்டே ஒரு பணியகம் துவங்கினது. செங் ஹேயின்ர பயணங்களில மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவான் ஒரு முஸ்லிம். அவர் கள்ளிக்கோட்டையைப் பற்றி எழுதினதைப் படிச்சால் சந்தைவழி அண்ணருக்குச் சந்தோசமாயிருக்கும். அங்க ஒரு செட்டியும் கணக்கரும் தரகரும் வந்திருந்து, சீனச் சரக்கை ஒவ்வொண்டாக விலை பேசி, முடிஞ்சதும் எல்லாரும் கையோட கை சேர்த்துப் பிடிச்சு, இண்டைக்குக் கை பிடிச்சாச்சு, இனி விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறக்கூடாதெண்டு உறுதி செய்வினமாம். சீனர் மணி கோர்த்த கணக்குச் சட்டம் வைச்சுப் பார்க்கிற கணக்கை, இவை கைவிரல் கால்விரல் இருபதையும் வைச்சே துளி பிசகாமல் போட்டிடுவினமெண்டு வியக்கிறார்.

பேச்சே இல்லாமல் நடந்த வியாபாரமும் இலங்கைக் கதையில இருக்கு. அஞ்சாம் நூற்றாண்டில இங்க வந்து ரெண்டு வருசம் தங்கின சீனத் துறவி பாஹியான் கேட்டு எழுதினது: ஆதியில இந்தத் தீவில மனிசர் இல்லை, பூதங்களும் நாகரும்தான். வியாபாரிகள் வந்தால் அவை உருவம் காட்டாமல், பொருளை விலையோட பரப்பி வைச்சிடும், வியாபாரிகள் விலையை வைச்சுப் பொருளை எடுத்துப் போவினம். பூதமெண்டது கதை. ஆனால் முகம் பாராமல் பொருளை வைச்சு விலகி நிக்கிற வியாபாரத்தைக் கண்ட ஆரோ சொன்ன கதையாய்த்தான் எனக்குப் படுது.

நெய்தல்நிலா (கேட்டவர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான்கு பேர் கடிதம் படித்த செய்தியை இன்றே வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவி, "நடுவில நிக்கிறவங்க மாத்திச் சொல்லி ஏமாத்தினா என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். மொழி தெரியாத இரண்டு பக்கமும் எப்படி நம்பினார்கள்? வாசுகி அம்மா, புதுச்சேரிக் கதையையும் எழுதுங்கள்.

புதுவை வாசுகி

டீச்சர், அந்தப் பெண் கேட்டதைத்தான் எல்லா அரசுகளும் கேட்டன. வெனிஸ்காரர்கள் 1551இலிருந்து தங்கள் பிள்ளைகளையே இஸ்தான்புல்லுக்கு அனுப்பித் துருக்கி மொழி படிக்க வைத்தார்கள். பிரான்சில் அமைச்சர் கோல்பேர் 1669இல் அதே ஏற்பாட்டைச் செய்தார். உள்ளூர்த் துபாஷிகளை, அதாவது இரண்டு மொழி தெரிந்து நடுவில் நின்று பேசுபவர்களை, நம்ப முடியவில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் நான் அந்தக் கேள்வியை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இரண்டு தரப்புக்கும் சண்டை வந்தால் நடுவில் நின்றவருக்கு என்ன ஆகும்? ஏமாற்றிய துபாஷிகள் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் படித்த வரையில் துபாஷி ஏமாற்றிய கதைகளைவிட, துபாஷியைப் பலி கொடுத்த கதைகள்தான் என் மனதை அறுக்கின்றன.

கள்ளிக்கோட்டையிலேயே தொடங்கலாம். காமாவின் ஆளிடம் முதலில் பேசிய துனிஸ்காரர் இருவரில் ஒருவர் தொடர்ந்து போர்ச்சுகீசியருக்கு உதவினார். உறவு கெட்டதும், நீ போர்ச்சுகல் அனுப்பிய வேவுகாரன் என்று சொல்லி அவர் சொத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் காமாவின் கப்பலில் ஏறிப் போர்ச்சுகலுக்கே போய்விட்டார். சீனாவில் 1759இல் நடந்தது இன்னும் கொடுமை. ஜேம்ஸ் ஃபிளிண்ட் என்ற ஆங்கிலேயர் சீனமொழி கற்றுக்கொண்டு, கான்டன் துறைமுக அதிகாரிகள்மேல் புகார் எழுதி வடக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு மக்காவ் துறைமுகத்தில் மூன்று வருஷக் காவல். அந்த மனுவைச் சீனத்தில் எழுத உதவிய சீனருக்குத் தலை போனது.

இப்போது எங்கள் ஊர். 1700களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்ப பிள்ளை. கம்பெனி வாங்கிய துணி முழுக்க இப்படிப்பட்ட தரகர்கள் வழியாகத்தான் வந்தது. நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் முன்பணம், தரம், தவணை எல்லாம் அவர்கள் வாக்கில் நின்றன. நைனியப்பருக்குப் பிரெஞ்சு தெரியாது. கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பேசிக்கொண்டது போர்ச்சுகீசியத்தில்.

பிள்ளைகளுக்கு இது புதிராக இருக்கும், சொல்லுங்கள். போர்ச்சுகீசியரின் பலம் குன்றிப் போன பிறகும் இந்தக் கரையில் ஐரோப்பியருக்கும் நம்மவருக்கும் பொதுமொழி அதுதான். இந்தியாவுக்கு வரும் பாதிரிமார் ஒரு வருஷத்துக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று 1698இல் ஆங்கிலக் கம்பெனியின் சாசனத்திலேயே எழுதினார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரிமார் சீகன்பால்கும் புளூட்சாவும் ஆளுக்கு ஒரு மொழியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். புளூட்சாவுக்குப் போர்ச்சுகீசியம், சீகன்பால்குக்குத் தமிழ். ஒரு வாத்தியாரையும் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் தன் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் சீகன்பால்கு. அதிகாரிகள் பெரும்பாலோருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

1716இல் ஆளுநர் ஹெபேர் நைனியப்பரைக் கைது செய்தார். மக்களைக் கொடுமைப்படுத்தினார், கம்பெனிக்கு எதிராகக் கலகம் மூட்டினார் என்று வழக்கு. தலைமைத் தரகராக ஒரு கிறிஸ்தவர் இருக்க வேண்டும் என்ற சேசு சபையாரின் நெருக்குதல் நெடுநாளாகவே இருந்தது. விசாரணை எப்படி நடந்தது என்பதில்தான் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்ச்சுகீசியமாகி, பிறகு பிரெஞ்சாகித் தாளில் ஏறியது. தங்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நைனியப்பராலும் தன்மேல் எழுதிய குற்றச்சாட்டைத் தானே படித்துப் பார்க்க முடியவில்லை. காலமெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசியவர், தனக்காகப் பேச வேண்டிய நேரத்தில் வேறொருவர் வாயை நம்பி நின்றார்.

சாட்சிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவளாகச் சொல்கிறேன். கேள்வி வந்ததும் சாட்சி உடனே பதில் சொல்வதில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்த கையை மாற்றுவார், வக்கீலைப் பார்ப்பார், எச்சிலை விழுங்குவார், அப்புறம்தான் "அப்படித்தான் இருக்கும்" என்பார். தாளில் ஏறுவது கடைசியில் சொன்ன அந்த ஒரு வரி மட்டும். ஒரு முறை மொழி மாற்றினாலே அந்தத் தயக்கம் தொலைந்துபோகிறது. நைனியப்பர் வழக்கில் இரண்டு முறை மாற்றினார்கள், அதுவும் தீர்ப்பை முதலிலேயே முடிவு செய்துகொண்ட ஒரு சபைக்காக.

கடைத்தெருவில் எல்லோர் முன்னிலையிலும் ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். இறந்த பிறகு பிரான்சில் தீர்ப்பு ரத்தானது. மகன் குருவப்பர் பிரான்சுக்கே போய், கிறிஸ்தவராகித் திரும்பி வந்து, அப்பா இருந்த இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச காலம்தான், அவரும் சீக்கிரமே போய்விட்டார்.

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அவர் மகன்தான் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரிலிருந்து 1761இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார், தமிழில். ஆளுநர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பேச்சுப் பேச்சாக எழுதிவைத்திருக்கிறார். கம்பெனித் தாள்களில் துய்ப்ளேக்ஸின் பிரெஞ்சு கிடைக்கிறது. ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவர் தமிழில் கோபப்படுகிறார், புலம்புகிறார், ஜோசியம் கேட்பவர் போல் அபிப்பிராயம் கேட்கிறார். ஏன் இவ்வளவு விடாப்பிடியாக எழுதினார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் எண்ணம் இது: மாமன் குடும்பத்தில் நடந்ததைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தான் பேசியது தன் மொழியில் தன் கையெழுத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது.

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில். நம்பிக்கை வந்தது மொழித் திறமையால் மட்டும் இல்லை. துபாஷிக்கு ஊரில் வீடு இருந்தது, சொந்தபந்தம் இருந்தது, சொத்து இருந்தது. பொய் சொல்லிவிட்டு அவரால் எங்கும் ஓட முடியாது. இரண்டு பக்கமும் அவரை நம்பியது அதனால்தான். ஆபத்து வந்தபோது அவரைப் பிடித்ததும் அதே காரணத்தால்தான்.

சந்தைவழி, பொள்ளாச்சி

வாசுகி அக்கா சொன்னது சந்தையிலயும் அப்படியேதாங்க. மாடு வாங்கிட்டுப் போனவன் அடுத்த வாரம் வந்து, பல்லு சரியில்லை, ஏர்ல படுத்துக்குதுன்னு சொன்னா விக்கினவனைத் தேட மாட்டான். நேரா அப்பாகிட்டத்தான் வருவான். விக்கினவன் எந்த ஊரோ, அப்பா எப்பவும் அந்தப் புளியமரத்தடியிலதான் இருப்பாரு. தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் தீர்த்து வெச்சிருக்காரு.

நெய்தல்நிலா (கேட்டவர்)

வாசுகி அம்மா, நைனியப்பர் கதையைப் படித்ததும் பாடத்தை ஒரு வகுப்பு தள்ளி வைத்துவிட்டேன். இதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். நான்கு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒரு மிளகு வியாபாரத்தை வாய் மாற்றி வாய் மாற்றிப் பேச வைக்கலாம் என்றிருக்கிறேன். கடைசிப் பிள்ளைக்கு என்ன விலை போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம். அதே விலையைத் துண்டு போட்டும் பேச வைக்க ஆசை. சந்தைவழி அண்ணா, அந்தப் பிரெஞ்சு வியாபாரி எழுதிய முறையில் ஒரு கணக்கு சொல்லிக் கொடுங்களேன்.

சந்தைவழி, பொள்ளாச்சி

1,660ன்னு வையுங்க டீச்சர், அஞ்சு அடையாளமும் வந்துடும். முதல்ல முழுக் கையையும் ஒரு அழுத்து, 1,000. அப்புறம் உள்ளங்கையை விட்டுட்டு அஞ்சு விரலை மட்டும் சேர்த்துப் பிடிக்கணும், 500. ஒரு விரலை மட்டும் முழுசா, 100. அதே விரல்ல நடு மூட்டு வரைக்கும், 50. நுனி, 10. முழுக் கைக்கும் அஞ்சு விரலுக்கும் பசங்க குழம்புவாங்க, அதை மட்டும் துண்டு இல்லாம நாலஞ்சு தடவை பழக்கிடுங்க. அப்புறம் துண்டைப் போடுங்க. மத்த பசங்க சுத்தி நின்னு ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டே இருக்கணும், யாராவது சிரிச்சா ஆட்டம் முதல்ல இருந்து. கெட்டித் துண்டா எடுத்துட்டுப் போங்க, மெல்லிசுன்னா விரல் தெரிஞ்சிடும்.